மருமகளுக்கு இறைச்சி கொடுத்தால் விளையாட்டு நின்றுவிடுகிறது

சைகால் செய்த கணினி விளையாட்டில் துப்பாக்கி கிடையாது, கார் பந்தயம் கிடையாது, பேய் கூடக் கிடையாது. ஒரு விருந்து மட்டும் இருந்தது. தரையில் விரித்த நீளத் துணியைச் சுற்றி விருந்தாளிகள் உட்கார்ந்திருப்பார்கள். ஓர் ஆடு வெந்து, துண்டுகளாகத் தட்டில் வரும். எந்தத் துண்டை யாருக்குக் கொடுப்பது என்பதுதான் விளையாட்டு. பிஷ்கெக் நகரத்தில் வளர்ந்த யாரைக் கேட்டாலும் இதைவிட ஆபத்தான விளையாட்டு உலகத்தில் இல்லை என்றுதான் சொல்வார்கள்.

இடுப்பெலும்பு சபையில் மூத்தவருக்கு. வாலடி எலும்பு மூத்த பெண்மணிக்கு. தொடையெலும்பு அதற்கு அடுத்தவருக்கு, விலா இன்னும் இளையவருக்கு. தலை யாருக்கு என்பதில் வடக்கும் தெற்கும் இதுவரை ஒத்துப்போகவில்லை. துண்டு மாறிப்போனால் யாரும் சண்டை போட மாட்டார்கள். சண்டை போட்டால் தேவலை. வாங்கிக்கொண்டு நன்றி சொல்வார்கள். தலையிலிருக்கும் வெள்ளைக் கம்பளித் தொப்பியை ஒரு விரல் அளவு முன்னால் இழுத்துக்கொள்வார்கள். அப்புறம் உங்கள் வீட்டுக் கல்யாணம் எதற்கும் வரமாட்டார்கள்.

இதை சைகால் கணக்காக மாற்றிய விதம் அழகானது. ஒவ்வொரு விருந்தாளிக்கும் அவள் இரண்டு எண்களைக் கொடுத்திருந்தாள். முதல் எண், ஊர் அவருக்குத் தரும் மரியாதை. இரண்டாவது, தனக்கு எவ்வளவு மரியாதை சேர வேண்டும் என்று அவரே நினைத்துக்கொள்வது. இரண்டும் யாருக்கும் சமமாக இருந்ததில்லை. கிடைத்த எலும்புக்கும் இரண்டாவது எண்ணுக்கும் உள்ள தூரம்தான் மனக்கசப்பு. எண்கள் திரையில் தெரியாது. தொப்பி சாய்வது மட்டும் தெரியும். அதைப் பார்த்து, அடுத்த துண்டை வைத்து, ஆளைச் சமாதானப்படுத்த வேண்டும். படங்களை வரைந்தவன் அவளுடன் கல்லூரியில் படித்த துரார். தொப்பி சாயும் விதங்களுக்காக மட்டும் அவன் ஒரு குளிர்காலம் முழுவதையும் செலவழித்தான்.

எந்த விளையாட்டையும் முழுதாக வெளியிடுவதற்கு முன்னால் கொஞ்சம் பேருக்குக் கொடுத்துப் பார்ப்பது வழக்கம். காரணம் இருக்கிறது. செய்தவருக்குத் தன் விளையாட்டை விளையாடத் தெரியாது. கதவு எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர் நேரே போய்க் கதவைத்தான் திறப்பார். தெரியாதவர்தான் சுவரைத் தள்ளிப் பார்ப்பார். சுவர் விழுந்துவிடுமா என்பது அவர் சொல்லித்தான் நமக்குத் தெரியவரும்.

சைகாலும் அப்படிக் கொடுத்தாள். கருத்துகள் வந்தன. சூப்பில் ஆவி வரவில்லை என்றார் ஒருவர். தலையைத் தெற்கத்தி முறையில் கொடுத்தது அநியாயம் என்றார் இன்னொருவர். வடக்கத்தி முறையில் கொடுத்தது அநியாயம் என்று அதே இடத்தைக் காட்டி மூன்றாமவர் எழுதினார். அப்புறம் ஓஷ் நகரத்துப் பல் மருத்துவர் குல்பாராவிடமிருந்து ஒற்றை வரி வந்தது.

"மருமகளுக்கு இறைச்சி கொடுத்தால் விளையாட்டு நின்றுவிடுகிறது."

மறுநாள் நரினிலிருந்து ஒரு வேன் ஓட்டுநர் அதையே எழுதினார். பிறகு தலாஸ் மாணவிகள். பிறகு மாஸ்கோவில் கிடங்கு வேலை பார்க்கும் ஒருவர். ஒருவரை ஒருவர் தெரியாதவர்கள் எல்லோரும் போய் அதே சுவரைத் தள்ளியிருந்தார்கள்.

சைகாலும் தள்ளிப் பார்த்தாள். திரையில், சமையலறை வாசலில், விருந்து கொடுக்கும் வீட்டின் மருமகள் நின்றுகொண்டிருந்தாள். சைகால் இடுப்பெலும்பை எடுத்து அவளிடம் நீட்டினாள். திரை அப்படியே உறைந்தது. நீட்டிய கை, ஆவி பறக்கும் எலும்பு, வாசலில் மருமகள். வேறெதுவும் அசையவில்லை.

காரணம் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. இறைச்சி யார் கைக்குப் போனாலும் நிரல் அவரிடம் இரண்டு எண்களைக் கேட்கும். மருமகளிடமும் கேட்டது. அவளிடம் எண்ணே இல்லை. விருந்தாளிப் பட்டியலில் அவளைச் சேர்க்கவே இல்லை. நிரலின் கணக்கில் அவள் தேநீர்த் தண்ணீர் கொதிக்கும் சமோவாருக்கும் கதவுக்கும் நடுவில் ஒரு பொருள். நிரல் பதிலுக்குக் காத்திருந்தது. மரியாதை தெரிந்த நிரல், காத்துக்கொண்டே இருந்தது.

"டேய் துரார், அவளுக்கு இடமே போடல நாம."

"யாருக்கு?"

"மருமகளுக்கு. சமைச்சிருக்கா, பரிமாறியிருக்கா, டீ ஊத்தியிருக்கா. உக்கார இடம் இல்ல."

துரார் திரையை எட்டிப் பார்த்தான். "நான்தானே வரைஞ்சேன். நல்லாத்தானே நிக்கிறா."

"உன் பொண்டாட்டிகிட்ட போய் இதைச் சொல்லு."

"ஜிபெக்கிட்டயா? நான் எதுக்கு வம்ப வெலைக்கு வாங்கணும்? சரி பண்ணிடு தாயே. அரை நாள் வேலைதானே."

அரை நாள் வேலைதான். ஆனால் அவர்கள் இருந்தது படைப்புப் பூங்காவின் அறையில். அரசாங்கம் இளைஞர்களுக்குக் குறைந்த வாடகைக்கு விடும் கட்டடம் அது, கம்ப்யூட்டர்களும் பூங்காவுடையவை. அதன் மேல்தளத்தில் தேசிய மின்விளையாட்டு மேன்மை மன்றம் இருந்தது. வெளியாட்கள் கைக்கு ஒருமுறை போன விளையாட்டை மன்றத்தின் ஒப்புதல் இல்லாமல் மாற்றக்கூடாது, மாற்றினால் அறை போய்விடும் என்பது விதி. விதி பொதுப்பணித் துறையிலிருந்து வந்தது. கட்டி முடித்த பாலத்தின் தூண்களை யாரும் இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று அங்கே நியாயமாகத்தான் எழுதியிருந்தார்கள். மன்றம் 'பாலம்' என்று இருந்த இடத்திலெல்லாம் 'விளையாட்டு' என்று போட்டுக்கொண்டது. இரண்டு இடத்தில் மறந்துவிட்டார்கள். அதனால் பூங்காவின் எந்த விளையாட்டின் மீதும் கனரக வாகனங்கள் வேகமாகப் போகக்கூடாது.

மன்றத் தலைவர் ஜுமாபெக் கெரிமோவிச் அவளை அன்போடு வரவேற்றார்.

"உக்காரு மகளே. உண்மையைச் சொல்லிடறேன். எனக்கு இந்த விளையாட்டெல்லாம் தெரியாது. முப்பது வருஷம் சர்க்கரைக்கிழங்கு இலாகா. அப்புறம் கொஞ்ச நாள் இசைக்குழு. எதைப் பத்தியும் எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு மேலிடத்துக்கே தெரியும். அதனாலதான் என்னை நம்பி எதை வேணாலும் குடுக்கிறாங்க. தெரிஞ்சவன்கிட்ட குடுத்தா அவன் தனக்குப் பிடிச்ச மாதிரி பண்ணிடுவான் பாரு."

"ஒரு சின்னப் பிழைங்க. மருமகளுக்கு ஒரு இடம் போடணும். அவ்வளவுதான்."

"சின்னதுன்னு நீ சொல்ற. அளந்து பாத்தது யாரு?" அவர் கையிரண்டையும் மேசைமேல் வைத்தார். "முதல்ல ஆடு. விளையாட்டுல ஆடு இருக்குன்னா கால்நடைத் துறை பாக்காம நாங்க தொடக்கூட முடியாது."

கால்நடை ஆய்வாளர் தோக்தோசுன் வெள்ளைக் கோட்டும், பூட்ஸ் மேல் பிளாஸ்டிக் உறையுமாக வந்தார். அறையின் மூலைகளை மோந்து பார்த்தார். பிறகு திரைமுன் குனிந்தார்.

"காதுல அட்டை எங்க?"

"இது வரைஞ்ச ஆடுண்ணே," என்றான் துரார்.

"அது தெரியுது. அட்டையையும் சேத்து வரைஞ்சிருந்தா கை தேஞ்சிடுமா?"

துரார் காதில் மஞ்சள் அட்டை வரைந்தான். அதில் எண் வேண்டும் என்றார். எண் போட்டான். அந்த எண் தாலுகாவில் இன்னொரு ஆட்டுக்கு ஏற்கெனவே இருப்பதாகத் தெரிந்ததும் மாற்றச் சொன்னார், மாற்றினான். வெந்த பிறகு அட்டை எங்கே போகும் என்று கேட்டார். காது தலையோடு போகும் என்றார்கள். தலை யாரிடம் போகும் என்று கேட்டார்.

"அது நீங்க எந்த ஊருங்கிறதைப் பொறுத்து, அண்ணே."

"நான் யாருன்னு காட்றேன், நகரு," என்று தோக்தோசுன் உட்கார்ந்தார். கோட்டைக் கழற்றினார். சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. "பாத்தியா, அந்தக் கிழவன் தொப்பியை இழுக்கிறான். எங்க பெரியப்பா அச்சு அசல் இப்படித்தான்! இரு, விலாவைக் குடுத்து மடக்கறேன்." திடீரென்று சுட்டியைத் தட்டித் தட்டிப் பார்த்தார். திரை உறைந்திருந்தது.

"யாருக்குக் குடுத்தீங்க?" என்றாள் சைகால்.

தோக்தோசுன் கதவைத் திரும்பிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "சமைச்ச பொண்ணுக்கு. காலையிலேர்ந்து கால் கடுக்க நிக்கிறா. வெளியில சொல்லிடாதம்மா."

சொல்லமாட்டேன் என்று சைகால் வாக்குக் கொடுத்ததும், ஆடு நலமாக இருப்பதாக மன்றத்துக்குச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்து மன்றம், வெளியிலிருந்து வந்த கருத்துகளின் தகுதியை ஆராய்ந்தது. பல் மருத்துவர், ஓட்டுநர், மாணவிகள், கிடங்குக்காரர். இவர்கள் யார், இவர்களுக்குக் கருத்துச் சொல்லும் அதிகாரத்தைக் கொடுத்தது யார் என்ற கேள்வி எழுந்தது. விளையாடியதால்தான் சொல்கிறார்கள் என்றாள் சைகால். விளையாடுகிற ஆளுடைய கருத்தை எப்படி முழுதாக நம்புவது என்று மன்றம் வருந்தியது. கடைசியில் இரண்டு முடிவுகள் எடுத்தார்கள். தகுதியுள்ள முன்னோடி விளையாட்டாளர்களை மன்றமே அமர்த்தும். எல்லாக் கருத்துகளையும் வந்த நாள்படி பார்க்காமல், சொன்னவரின் பதவிப்படி பார்க்க வேண்டும்; மூத்தவர் குறை தீர்ந்த பிறகே இளையவர் குறையைத் தொடலாம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். விளையாட்டில் பிழைகளுக்கு ஒரு வரிசை உண்டுதான். எது விளையாட்டை நிறுத்துகிறதோ அது முதலில். எது எரிச்சல் மூட்டுகிறதோ அது பிறகு. எது அழகு சம்பந்தப்பட்டதோ அது கடைசியில். தண்ணீர்க் குழாய் வெடித்தால் முதலில் வால்வை மூடுவது போல. குழாய் யார் வீட்டில் வெடித்தது என்று விசாரித்துவிட்டு மூடுவது வேறு ஒரு முறை. மன்றம் அந்த முறையைத் தேர்ந்தெடுத்தது.

முன்னோடி விளையாட்டாளர்கள் ஐந்து பேர் வந்தார்கள். எல்லோரும் ஓய்வுபெற்ற அதிகாரிகள். எல்லோர் தலையிலும் உயரமான கம்பளித் தொப்பி. கம்ப்யூட்டர் முன்னால் ஐந்து நாற்காலிகள் போட்டிருந்தார்கள். யார் நடுவில் உட்காருவது என்பதில் முற்பகல் போனது. திரையில் 'தொடங்கு' என்று ஒற்றைப் பொத்தான்.

"நீங்க அழுத்துங்க, நீங்கதான் பெரியவர்."

"நீங்க இருக்கும்போது நானா? நீங்க துணை அமைச்சரா இருந்தவரு."

"வயசுல நீங்க ரெண்டு மாசம் மூத்தவரு. சும்மா அழுத்துங்க."

"ஐயோ, இவர் இருக்காரே. இவரை விட்டுட்டு நான் அழுத்தினா ஊர் என்ன பேசும்?"

அவர்களில் யாரும் பொய்யாக உபசரிக்கவில்லை. முதலில் அழுத்துகிறவன் மற்ற நாலு பேரையும் இளையவர்களாக ஆக்கிவிடுவான். அதைச் செய்துவிட்டு இந்த ஊரில் வாழ முடியாது. மதியச் சாப்பாடு வந்தது. எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகளும் தேநீரும் வந்தன. வெயில் சன்னலை விட்டு இறங்கியது. பொத்தான் அப்படியே இருந்தது. கிளம்பும்போது ஐவரும் ஒருமனதாகத் தங்கள் கருத்தைத் தெரிவித்தார்கள்.

"விளையாட்டு தொடங்கத் தாமதமாகிறது."

பதவிப்படி இதுதான் முதல் குறை என்பதால் வேறெதையும் தொடுவதற்கு முன் இதைச் சரிசெய்யும்படி மன்றம் உத்தரவிட்டது. சைகால் சரிசெய்தாள். கொஞ்ச நேரம் யாரும் அழுத்தாவிட்டால் பொத்தான் தானே அமுங்கிக்கொள்ளும். ஐவரும் மறுபடி வந்தார்கள். உபசாரம் பாதியில் இருக்கும்போதே விருந்து தொடங்கிவிட்டது. தங்கள் அனுமதி இல்லாமல் தொடங்கியதாக ஐந்து தொப்பிகளும் முன்னால் சாய்ந்தன.

துராருக்கு மட்டும் அதில் சந்தோஷம். "பாத்தியா, கோணம் கச்சிதம்! நான் வரைஞ்ச மாதிரியே சாயுதுங்க."

"இங்க பல் டாக்டர் தினம் எழுதறாங்க, துரார். 'இன்னும் அவளுக்கு இடம் வரலையா'ன்னு கேக்கறாங்க. நான் என்னன்னு பதில் சொல்றது?"

"மன்றம் முடிவு பண்ணட்டும்."

"மன்றம் முடிவு பண்றதுக்குள்ள அவளுக்குப் பேரப்பிள்ளை பொறந்துடும். வாசல்லயே."

முடிவு வந்தது. ஜுமாபெக் கெரிமோவிச் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். மன்றத்தின் உறுப்பினர்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் எழுந்து நின்றே பேசினார்.

"மகளே, நாங்க ஆழமா யோசிச்சோம். நீ இதைப் பிழைன்னு சொல்ற. இதைவிடப் பெரிய தப்பு கிடையாது. மருமகளுக்கு இடுப்பெலும்பைக் குடுத்தா விளையாட்டு நிக்குது. நிக்கத்தான் வேணும்! நம்ம வீட்டுல ஒருத்தன் அப்படிச் செஞ்சாலும் எல்லாரும் அப்படியேதானே நிப்பாங்க? உன் கம்ப்யூட்டர் நம்ம பண்பாட்டைத் தானாவே கத்துக்கிட்டிருக்கு. வெளிநாட்டு கம்ப்யூட்டருக்கு இது வருமா? இதை நீ சரி பண்றேங்கிற. இதை நாங்க பாதுகாக்கணும்னு சொல்றோம். நிக்கிற இடத்துல மன்றத்தோட சின்னம் வரட்டும். தேசிய கீதம் வேண்டாம், அதுக்கு வேற இடத்துல அனுமதி வாங்கணும்."

உறுப்பினர்கள் தலையாட்டினார்கள்.

"அப்ப அவ உக்காரவே கூடாதா?"

"உக்காரலாமே, யாரு வேண்டாங்கிறா? நம்ம பொண்ணுங்களை நாம எப்படித் தாங்கறோம்! எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு தாராளமா உக்காரட்டும். ஆனா விளையாட்டு அதுக்குள்ள முடிஞ்சிடுது. அதுக்கு மன்றம் பொறுப்பாக முடியாது."

"உங்க வீட்டுல எப்படிங்க?"

"என் வீட்டுலயா?" தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் வீட்டுல எல்லாம் முறைப்படிதான். பையனுங்க ரெண்டு பேரும் மாஸ்கோவுல. மருமகளுங்களை போன்ல பாப்பேன். ரொம்ப அடக்கம், பேசவே மாட்டாங்க. என் சம்சாரம் அவ தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கா, ரெண்டு வருஷமா. டீ நான் கேன்டீன்ல குடிச்சுக்கிறேன். அங்க கொண்டுவந்து குடுப்பாங்க."

சைகால் அவரைப் பார்த்தாள். பிறகு சுவரோரம் இருந்தவர்களைப் பார்த்தாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்திருந்தாள். வந்தது ஒருவிதமான தெளிவு. விளையாட்டு ஏன் உறைகிறது என்று அன்றைக்கு நிரலில் கண்டுபிடித்தபோது வந்த அதே தெளிவு.

"நான் அவளுக்கு இடம் போடப்போறேன்," என்றாள்.

"மன்றம் அனுமதிக்கலையே, மகளே."

"அனுமதி கேக்கலைங்க. சொல்லிட்டுப் போறேன்."

"அறை போயிடும்."

"போகட்டும். அறையில அவ நிக்கிறதைவிட வெளியில உக்காரட்டும்."

"யோசிச்சுப் பேசு. நாளைக்கு உன் விளையாட்டை எவனும் மதிக்க மாட்டான். மன்றத்தோட முத்திரை இல்லாம எவன் தொடுவான்?"

"ஓஷ்ல ஒரு பல் டாக்டர் தொடுவாங்க. உங்க ஆட்டு ஆய்வாளர்கூட..." சொல்ல வந்ததை நிறுத்திக்கொண்டாள். வாக்குக் கொடுத்திருந்தாள். "தொடுறவங்க இருக்காங்க. வரேங்க."

அன்றைக்கே பூங்காவின் கம்ப்யூட்டர்களைப் பூங்காவிடம் விட்டுவிட்டு, தங்கள் கோப்புகளோடும் துராரின் பழைய மடிக்கணினியோடும் பேருந்து ஏறினார்கள். துரார் வீட்டுச் சமையலறை மேசை இனி அலுவலகம்.

இடம் போடுவது அரை நாள் வேலை என்று அவர்கள் நினைத்தது தப்பு. ஒரு சிக்கல் உடனே முளைத்தது. மருமகள் உட்கார்ந்துவிட்டால் தேநீர் யார் ஊற்றுவது? விருந்து முழுவதும் தேநீரில்தான் ஓடுகிறது. ஒரு சுற்றுத் தேநீர் முடிந்தால்தான் அடுத்த தட்டு வரும். தேநீர் நின்றால் காலமே நின்றுவிடும். அவளை உட்காரவைத்த மறுநிமிடம் விருந்தாளிகள் எல்லோரும் காலிக் கிண்ணங்களோடு சிலை போல் உட்கார்ந்திருந்தார்கள்.

சைகால் இதை மறைக்கவில்லை. விளையாடுகிறவர்களிடமே கேட்டாள்: அவள் உட்கார்ந்துவிட்டாள், இப்போது தேநீர் வருவதில்லை, என்ன செய்யலாம்? யோசனைகள் வந்து குவிந்தன. இன்னொரு மருமகளை வைக்கலாம் என்றார் ஒருவர். அவளும் உட்கார ஆசைப்படுவாளே என்று இன்னொருவர் அவரை மடக்கினார். குல்பாரா வழக்கம்போல் ஒற்றை வரி எழுதினார்.

"கெண்டி யார் கைக்குக் கிட்ட இருக்கிறதோ அவர் ஊற்றட்டும்."

அதைத்தான் செய்தாள். கெண்டி யார் பக்கத்தில் இருக்கிறதோ அவர் எடுத்து அடுத்தவர்களுக்கு ஊற்றி, பக்கத்தில் இருப்பவரிடம் நகர்த்த வேண்டும். எடுக்காவிட்டால் ஒன்றும் உறையாது, பிழையும் இல்லை; தேநீர் இல்லாமல் உட்கார்ந்திருக்கலாம், அவ்வளவுதான்.

மிச்சம் இருந்தது அவளுடைய இரண்டு எண்கள். முதல் எண்ணை ஊர் பார்த்துக்கொள்ளும். இரண்டாவது எண், அவள் தனக்கு எவ்வளவு மரியாதை சேர வேண்டும் என்று நினைக்கிறாள் என்பது. சைகால் விசைகளின் மேல் விரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தெரியவில்லை. துரார் எழுந்து பக்கத்து அறைக்குப் போய், துணி மடித்துக்கொண்டிருந்த ஜிபெக்கிடம் கேட்டான்.

"ஜிபெக், ஒண்ணு கேக்கணும். விருந்துல உனக்கு எந்த எலும்பு வரணும்னு நீ மனசுக்குள்ள நினைப்பே?"

ஜிபெக் மடித்த துணியைக் கீழே வைத்தாள்.

"எதுக்குக் கேக்கிறே? என்ன பண்ணிட்டு வந்தே?"

"ஒண்ணும் பண்ணல. விளையாட்டுக்கு."

"விளையாட்டுக்குன்னா உண்மையைச் சொல்லலாமா?"

சொன்னாள். துரார் திரும்பி வந்தபோது முகம் கொஞ்சம் வெளிறியிருந்தது. அவள் சொன்னதை எண்ணாக மாற்றிச் சொன்னான். அது மூத்தவரின் எண்ணைவிடப் பெரியது. சைகால் ஒன்றும் குறைக்காமல் அப்படியே உள்ளே போட்டாள். மருமகளுக்குத் தொப்பி இல்லை. அவள் மனக்கசப்பை எப்படிக் காட்டுவது என்று துரார் கேட்டான். பிறகு அவனே, யாரையும் கேட்காமல், வரைந்துவிட்டான். அவள் எதுவும் செய்யமாட்டாள். நேராகப் பார்ப்பாள்.

விளையாட்டு வெளியானது. ரிப்பன் இல்லை, பேச்சு இல்லை. ஜிபெக் பொரித்த மாவுத் துண்டுகள் விசைப்பலகையில் உதிர்ந்திருந்தன. வாங்கியவர்கள் முதல் நாளே ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார்கள். சபையில் கிழவர்களைச் சமாதானப்படுத்திவிடலாம். அவளைச் சமாதானப்படுத்துவதுதான் கஷ்டம். அதற்காகவே இன்னும் பலர் வாங்கினார்கள்.

மன்றம் கூடி விளையாட்டைக் கண்டித்தது. கண்டனத்தை எங்கே போடுவது என்பதில்தான் தடங்கல். விளையாட்டை விற்கும் இணையக் கடையில் போட்டால்தான் மக்கள் பார்ப்பார்கள். அந்தக் கடையில் வாங்கி, விளையாடியவர் மட்டுமே கருத்துச் சொல்ல முடியும். அமைச்சராக இருந்தாலும் வாங்க வேண்டும். கருத்துகள் வந்த நேரப்படி வரிசையாக நிற்கும்; பதவிக்கு அங்கே கட்டமே இல்லை. மன்றம் மறுபடி கூடி, தேசத்தின் நலனுக்காகத் தலைவர் விளையாட்டை வாங்கி விளையாடுவது என்று தீர்மானித்தது.

சைகால் கருத்துகளை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துப் பதில் எழுதிக்கொண்டிருந்தாள். ஆவி இப்போது நன்றாக வருகிறது. தலை விஷயம் அநியாயம். தலை விஷயம் நியாயம். அதற்கடுத்து: "மருமகள் எழுந்திருக்கவில்லை. உடனே சரிசெய்யவும். தலைவர், தேசிய மின்விளையாட்டு மேன்மை மன்றம்." குறை சொல்லும் எல்லோருக்கும் அனுப்பும் பதிலையே அவருக்கும் அனுப்பினாள்: பிழைக்கு முன்னால் நீங்கள் என்னென்ன செய்தீர்கள் என்று தயவுசெய்து வரிசையாகச் சொல்லவும்.

தொலைபேசி அடித்தது.

"மகளே, நான்தான். ஜுமாபெக் கெரிமோவிச்."

"சொல்லுங்க. எந்த இடத்துல நிக்குது?"

"நிக்கல. எல்லாரும் உக்காந்திருக்காங்க. அதான் குறையே."

"அதுக்கு முன்னால நீங்க என்ன செஞ்சீங்க?"

"உக்காந்தேன்."

"அப்புறம்?"

"உக்காந்தே இருக்கேன். டீ வரல. எல்லாருக்கும் தொப்பி புருவம் வரைக்கும் இறங்கிடுச்சு. என்னைத்தான் பாக்கிறாங்க."

"டீ யார்கிட்ட கேட்டீங்க?"

"வேற யார்கிட்ட கேப்பேன்? அந்தப் பொண்ணை அழுத்தினேன். மறுபடி அழுத்தினேன். அவ என்னை நேரா பாக்கிறா, மகளே. கண்ணைக்கூடச் சிமிட்டல."

"கெண்டி எங்க இருக்குன்னு பாருங்க."

மறுமுனையில் நாற்காலி கிரீச்சிட்டது. மூச்சு விடும் சத்தம் கேட்டது.

"என் முழங்காலுக்குப் பக்கத்துல."

"அதை அழுத்துங்க."

"நான் தலைவர்."

"விளையாட்டுக்கு அது தெரியாதுங்க."

மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து துரார் புருவத்தை உயர்த்திக் கேட்டான். சைகால் பொறு என்று கையைக் காட்டினாள். ஒரு சின்னச் சொடுக்கு. பிறகு கிண்ணத்தில் தேநீர் விழும் சத்தம்.

"ஊத்துது," என்றார் தலைவர். குரல் வேறு மாதிரி இருந்தது. "முதல்ல யாருக்குக் குடுக்கணும்?"

"அதை நான் சொல்லக்கூடாதுங்க. அதான் விளையாட்டு."

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். அவருடைய கருத்துக்குக் கீழே 'பிழை இல்லை' என்று குறித்துவிட்டு, சைகால் வரிசையில் அடுத்து நின்ற நரின் ஓட்டுநரின் கருத்தைத் திறந்தாள்.